நாடாவில் ஏறாத குரல்

பாட்டு முடிந்தது. சிமியோன் நாடாவைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி ஓடவிட்டான். அதில் கிற்றார் இருந்தது. கொங்கோ மேளம் இருந்தது. நடுவில் வளவுக்குள் கத்திய காகம்கூட இருந்தது. குணலட்சுமியின் குரல் மட்டும் இல்லை.

விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்த அருளம்பலத்துக்குத்தான் அது முதலில் தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் குனிந்துகொண்டு தாளத்தில் பிழை தேடிக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தேடவேண்டியிருக்கவில்லை. யன்னலுக்குச் சாக்குக் கட்டி, சாக்குக்கு மேல் மெத்தையைச் சாய்த்து, கதவிடுக்கில் பழஞ்சேலை திணித்திருந்தும், கொஞ்ச நேரத்துக்கு முன் அந்தக் குரல் அவ்வளவையும் தாண்டி வந்து அவருடைய காதுக்குள் இருந்துவிட்டுத்தான் போனது. எந்த இடத்தில் மூச்சு வாங்கினாள், எந்த இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடினாள் என்பதுகூட அவருக்குத் தெரியும். கேட்பதில்லை என்று முடிவெடுத்திருந்த மனிதர் அவ்வளவு கேட்டிருந்தார்.

"எட சிமியோன், உன்ரை மைக்குக்கும் எங்கடை ஐயாவின்ரை குணம் வந்திட்டுது போலை," என்று உள்ளே குணலட்சுமி சொன்னாள். "நான் வாய் துறந்தால் காதைப் பொத்துதாம்."

"பகிடி விடாதேங்கோ மச்சாள். வயர் எங்கையோ லூஸ்."

"வயர் லூஸ் எண்டால் உன்ரை மேளம் எப்பிடியடா விழுந்தது?"

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு மைக். பாடுகிறவள் அதற்கு ஒரு சாண் தள்ளி நிற்பாள். அவளுடைய புருஷன் சூசைதாசன் கிற்றாரோடு இரண்டு எட்டுப் பின்னால் கதிரையில் இருப்பான். அவனுடைய தம்பி சிமியோன் மேளத்தைச் சுவர் மூலையில் வைத்து அடிப்பான். கிட்ட இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும். அதுதான் அவர்களுடைய வித்தை. மூலையில் இருந்த மேளம் தெளிவாக விழுந்திருக்க, மைக்குக்குக் கிட்ட நின்று பாடியவளின் சத்தம் எங்கே போனது?

மூன்று பேரும் சிரித்தார்கள். அருளம்பலம் வேலியில் ஓடிய ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். உடுவிலில் அவருடைய பரம்பரைக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவர் வெளுத்து மடித்த வேட்டியைப்போல வைத்திருந்தார். அதில் முதல் கறையை வைத்தவள் மகள் குணலட்சுமி. எண்பத்துநாலாம் ஆண்டு பொப் பாட்டுக் கச்சேரி ஒன்றில் கிற்றார் வாசித்த குருநகர்ப் பெடியனோடு போய், அவர்களுடைய தேவாலயத்தில் தாலி கட்டிக்கொண்டாள். அவனுடைய தகப்பன் கரைவலை இழுக்கிறவன்.

இப்படி நடந்த வீடுகளில் மற்றவர்கள் கிணற்றடியில் நாலு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றி, பிள்ளையைத் தலைமுழுகி முடித்துக்கொள்வார்கள். அருளம்பலம் வாழ்க்கையில் எதையும் அரைகுறையாகச் செய்தவர் அல்லர். அவர் செத்தவீடு செய்தார். கடலில் போய் உடம்பு கிடைக்காதவர்களுக்குச் செய்வதுபோலத் தர்ப்பையால் ஓர் உருவம் கட்டச் சொன்னார். குருக்கள் ஒருமுறை அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தர்ப்பையை எடுத்தார். பந்தல் போட்டு, பறை அடித்து, முற்றத்தில் உரல் வைத்து மஞ்சளோடு செத்தவீட்டுச் சுண்ணம் இடித்து, வெள்ளை போர்த்து, வாய்க்கரிசியாகப் பச்சையரிசி போட்டு, பாடை கட்டி, சுடலைக்குக் கொண்டுபோய் அருளம்பலம் தன் கையால் கொள்ளி வைத்தார். ஊர் முழுக்க வந்திருந்தது. அடுத்த வளவு இராசநாயகம் முன்னுக்கு நின்று எல்லாம் செய்வித்தார். செத்துப்போனவள் ஐந்தாறு மைல் தள்ளிக் குருநகரில் மீன் பொரித்துக்கொண்டிருக்கிறாள் என்பது வந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரிக்காததில்தான் அருளம்பலத்துக்குப் பெருமை.

எட்டாம் நாள் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, வருஷ முடிவில் ஆட்டைத் திவசம் எல்லாம் குறைவில்லாமல் நடந்தன.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு, கோட்டை இராணுவ முகாமிலிருந்து வந்த ஷெல் ஒன்று சூசைதாசனின் வீட்டுக் கூரையைப் பிளந்தது. கசெற் ஒன்று போடுவதற்காக மாதக்கணக்கில் பாட்டுப் பழகி, கொழும்பிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியும் இரவல் வாங்கி வைத்திருந்தவர்களுக்குக் கரையோரத்தில் இனிச் சத்தமில்லாத இடம் இல்லை. ஒரு மத்தியானம் லொறி ஒன்று வாசல் படலையில் வந்து நின்றது. கிற்றார், மேளம், கருவி, வெங்காயச் சாக்குகள், கடைசியாகக் குணலட்சுமி. அருளம்பலத்தின் மனைவி அருமைநாயகி ஓடிப்போய்ப் படலையைத் திறந்தாள்.

"அந்தப் பேரிலை எனக்குப் பிள்ளை இல்லை," என்று அருளம்பலம் மனைவிக்குச் சொன்னார்.

"உங்களுக்கு இல்லை. எனக்கு இருக்கு. இது என்ரை சீதன வீடு, எங்கடை அப்பு எனக்கு எழுதித் தந்தது. நான் என்ரை பிள்ளைக்குக் கதவு துறக்கிறன். உங்களுக்குப் பிடிக்காட்டில் படலைக்கு வெளியாலை நிண்டு மானத்தைக் காத்துக்கொண்டு நில்லுங்கோ."

முப்பது வருஷத்தில் அவள் அவருக்குச் சீதனத்தை நினைவூட்டியது அதுதான் முதல் தடவை. அவர் படலைக்கு வெளியே போகவில்லை. விறாந்தைக்குப் போனார். அங்கே சாய்மனைக் கதிரையில் கிடந்து தன் கிரியையைத் தொடர்ந்தார்.

அவளைக் காணாமல் இருப்பது சுலபமான வேலை அல்ல. கிணற்றடியில் அவள் நின்றால், அவர் அவளுக்குப் பின்னாலிருக்கும் கமுகைப் பார்ப்பார். குசினியில் அவள் சிரித்தால், அடுப்பு வெடிக்கிறது என்று நினைத்துக்கொள்வார். விறாந்தையால் அவள் போகும்போது காற்றுக்கு விலகுவதைப்போலக் காலை மடக்கிக்கொள்வார். "அவையிட்டைச் சொல்லு" என்று மனைவி வாயிலாகத்தான் எதையும் பேசுவார். நாள் முழுவதும் அவளைக் காணாமல் இருப்பதற்காக, அவள் எங்கே நிற்கிறாள் என்பதை நாள் முழுவதும் அவர் அறிந்திருக்கவேண்டியிருந்தது.

மைக்கை மாற்றினார்கள். சங்கானையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவரிடம் வேறொன்று வாங்கிவந்து பூட்டினார்கள். அடுத்த நாள் பின்னேரம், காகங்கள் அடங்கிய நேரம் பார்த்து, அதே பாட்டைத் திரும்பப் பதிந்தார்கள். சோளகக் காற்றைக் கடலுக்குள் வந்து ஆடச் சொல்லும் துள்ளல் பாட்டு அது. அருளம்பலத்துக்கு அதன் ஒவ்வொரு அடியும் அருவருப்பு. மினி பஸ்ஸுகளிலும் சலூன்களிலும் கள்ளுத் தவறணை வாசல்களிலும் தன் வீட்டுப் பெண்ணின் குரல் இழுபடப் போகிறது. இதற்குள், கசெற்றின் அட்டையில் தன் பெயரோடு தகப்பன் பெயரையும் போடவேண்டும் என்று அவள் நிற்கிறாளாம். சூசைதாசன் கையைக் கட்டிக்கொண்டு வந்து அதைச் சொன்னான்.

"மாமா, நீங்கள் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும். அவளுக்கு அதுதான் ஆசை."

அருளம்பலம் உட்பக்கம் திரும்பி, "அந்தப் பேருக்குரியவளுக்கு நான் கொள்ளி வைச்சிட்டன் எண்டு உவனிட்டைச் சொல்லு," என்றார்.

உள்ளேயிருந்து குணலட்சுமி சத்தம் போட்டாள்: "செத்தவள் பாடின கசெற் எண்டால் இன்னும் கனக்க விக்கும் ஐயா!"

அருமைநாயகி மட்டும் "சீ, வாயைக் கழுவு" என்றாள்.

நாடாவை ஓடவிட்டார்கள். கிற்றார் தொடங்கியது. மேளம் சேர்ந்தது. பாட்டு வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. சிமியோன் சத்தத்தைக் கூட்டினான். நாடாவின் இரைச்சல் மழைபோலப் பெருகியது. அந்த இரைச்சலுக்கு அடியில், மிகத் தூரத்தில், ஏதோ ஒன்று இடித்தது.

தொம்.

மீண்டும் தொம்.

"ஆரோ மா இடிக்கினம்," என்றான் சிமியோன். "உதுதான் எல்லாத்தையும் கெடுக்குது. மாமி, நீங்களே?"

"நானோ? ரெண்டு கிழமையா உரலை இறக்கேல்லை மோனை."

விறாந்தையில் அருளம்பலத்தின் விரல்கள் கதிரைக் கையைப் பற்றின. மா இடிக்கிற உலக்கைக்கு ஓர் அவசரம் உண்டு. இதில் அவசரம் இல்லை. இரண்டு உலக்கைகள் மாறி மாறி, ஒவ்வொன்றும் மற்றது எழும்வரை பொறுத்து, நிதானமாக விழுந்துகொண்டிருந்தன. அந்தத் தாளம் அவருக்குத் தெரியும். செத்தவீட்டன்று சுண்ணம் இடித்தபோது அதில் ஓர் உலக்கையை அவரே பிடித்திருந்தார். மற்றது இராசநாயகத்தின் கையில் இருந்தது. சாக்குகளின் வெங்காய நாற்றத்தைத் தள்ளிக்கொண்டு இப்போது வேறொரு மணம் யன்னலால் வந்தது. இடிபட்ட மஞ்சள். கருகிய நெய். ஈரத் தர்ப்பை.

அவர் எழுந்து போய்க் கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்து விபூதி பூசிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அருமைநாயகி தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவருக்கு ஒன்று, சூசைதாசனுக்கு ஒன்று, சிமியோனுக்கு ஒன்று.

"அம்மா, எனக்கு?"

"அட, உன்னை மறந்துபோனன் பிள்ளை." அருமைநாயகி தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "வயசு போகுது."

மறுநாள் சோற்றுக் கோப்பையும் ஒன்று குறைந்தது. இம்முறை அருமைநாயகி சிரிக்கவில்லை. மகளை ஒரு நொடி, முன்பின் தெரியாத ஒருத்தி குசினிக்குள் வந்து நிற்பதைப்போலப் பார்த்துவிட்டு, "நீ இஞ்சையே இருந்தனி?" என்று கேட்டாள். அதன் பிறகு சிமியோன், குணலட்சுமி உள்ளே நுழையும்போதே கதவைச் சாத்தினான். அவளுடைய கை இடுக்கில் அகப்பட்டது. அவள் வீரிட்டாள். சிமியோன் கதவு ஏன் பொருந்தவில்லை என்று இன்னொரு முறை இழுத்துச் சாத்தினான். இரண்டாவது அலறலுக்குத்தான் திரும்பினான்.

"ஐயோ மச்சாள், சத்தம் போட்டிருக்கலாமே!"

"நான் கத்தின கத்து உனக்குக் கேக்கேல்லையே?"

"காத்துச் சத்தம் எண்டு நினைச்சன்."

விறாந்தையில் இருந்த அருளம்பலத்துக்கு அது கேட்டது. அலறல் அல்ல, அந்தப் பதில். அவள் சிரித்தால் அடுப்பு வெடிக்கிறது என்றும், அவள் வந்தால் காற்று வருகிறது என்றும் நினைத்துக்கொள்வது அவருடைய வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் ஒருவர் மட்டும் செய்துவந்த வேலை. அதை இவர்களுக்கு யார் பழக்கினார்கள்? இவர்கள் ஏன் அதை இவ்வளவு சுலபமாகச் செய்கிறார்கள்?

நாட்கள் போகப்போக வீட்டில் ஒரு சத்தம் குறைந்துகொண்டு வந்தது. குணலட்சுமி பகிடி விடுவதை நிறுத்தினாள். அவள் சொன்னவற்றுக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறைதான் பதில் வந்தது. அவள் பக்கத்தில் நிற்கும்போதே சூசைதாசன் உள்ளறையைப் பார்த்து, "குணா, வா, தொடங்குவம்," என்று கூப்பிட்டான். அவள் அவனுடைய தோளைத் தொட்டாள். அவன் தோளில் விழுந்த பூச்சியைத் தட்டுவதுபோல அந்தக் கையைத் தட்டினான். தட்டிய பிறகுதான் அது கை என்று கண்டான். கண்டதும் அவனுடைய முகம் வெளிறியது. அவன் அவளை இறுகப் பிடித்துக்கொண்டு, "எங்கையடி போனனி, எங்கையடி போனனி," என்று கேட்டுக்கொண்டேயிருந்தான். அவள் எங்கேயும் போகவில்லை என்பது விறாந்தையில் இருந்தவருக்குத் தெரியும்.

அவர் அவளைப் பார்க்காமல் பார்த்தார். அவள் மெலியவில்லை. மங்கவுமில்லை. அவருக்கு மட்டும் அவள் நாளுக்கு நாள் துலக்கமாகிக்கொண்டு வந்தாள். சேலைக்கரையின் நூல் பிரிந்திருந்ததுகூடத் தெரிந்தது. கதவில் நசிந்த விரல்கள் நீலமாகியிருந்தன. அவள் கிட்ட வரும்போதெல்லாம் அந்த மஞ்சள் மணமும் வந்தது.

ஒரு பின்னேரம் அவள் அவரிடம் வந்தாள். மற்றவர்கள் உள்ளே கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் இறங்கி, கிடுகு வேலியின் நிழல் முற்றத்தின் பாதியை மூடியிருந்தது. அவள் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து, கதிரைக் கையில் தன் கையை வைத்தாள். கதிரை அந்தப் பாரத்துக்கு இலேசாக முனகியது. அவருடைய கைக்கும் அவளுடைய கைக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி.

"ஐயா."

அவர் வேலியைப் பார்த்தார்.

"மற்றவை என்னைப் பாக்கினம், ஆனால் காணினம் இல்லை. நீங்கள் பாக்கிறேல்லை. ஆனால் காணுறியள். எனக்குத் தெரியும். நான் நடக்கேக்கை உங்கடை கண் என்னோடை வருது."

வேலியில் ஓர் ஓலை ஆடியது.

"எனக்குப் பயமாக் கிடக்கு ஐயா. ராத்திரி அவர் படுக்கையிலை கையை விரிச்சுப் படுக்கிறார், நான் அந்த இடத்திலை கிடக்கிறன் எண்டு தெரியாமல். அம்மா நான் இருக்கத்தக்கதா விளக்கை நூத்திட்டுப் போறா. நீங்கள் செய்தது எனக்குத் தெரியும். சனம் வந்து சொன்னது. அப்ப நான் சிரிச்சனான், மெய்யாச் சிரிச்சனான். இப்ப சிரிக்கேல்லை." அவளுடைய குரல் தணிந்தது. "அட்டையிலை பேர் வேண்டாம். பாட்டும் வேண்டாம். ஒருக்கா என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. கொள்ளி வைச்ச ஆள் கூப்பிட்டால் எல்லாரும் கேப்பினம். ஒருக்காத்தான் ஐயா."

அருளம்பலத்தின் தொண்டைக்குள் அந்தப் பெயர் வந்து நின்றது. பிறந்து முப்பத்தோராம் நாள் அவளுடைய காதில் மூன்று முறை அவரே சொன்ன பெயர். நாக்கு மேலே எழுந்தது. அவர் முதன்முறையாக முகத்தைத் திருப்பி, நேராக, அவளைப் பார்த்தார்.

அவளுடைய கண்கள் நிறைந்தன.

படலையில் சைக்கிள் மணி அடித்தது.

இராசநாயகம். ஒரு காலை நிலத்தில் ஊன்றி, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் செத்தவீட்டை முன்னுக்கு நின்று நடத்தி, வந்த சனத்துக்கெல்லாம் அருளம்பலத்தாரைப்போல ஒரு மானஸ்தன் இந்த ஊரில் இல்லை என்று சொன்ன மனிதர்.

"என்ன அருளம்பலத்தார், வாய் அசையுது? ஆரோடை கதை?"

மரியாதைக்காகத்தான் காணாததுபோலக் கேட்கிறாரா? மெய்யாகவே காணவில்லையா? இராசநாயகத்தின் முகத்திலிருந்து அதை அறிய முடியவில்லை. ஊர் இரண்டு வருஷமாக அந்த முகத்தைத்தான் அவருக்குக் காட்டிவந்திருக்கிறது. இன்று அவர் அந்தப் பெயரைச் சொன்னால், இருட்ட முன்னம் அது சந்தி தாண்டிப் போய்விடும். அருளம்பலத்தார் கொள்ளி வைத்த வாயால் கூப்பிட்டாராம். அப்படியென்றால் அந்தப் பந்தல் எதற்கு? அந்தப் பறை எதற்கு? தலை குனிந்து இருந்துவிட்டுப் போன அவ்வளவு சனமும் இன்று சிரிக்கும்.

அவர் முதுகை நிமிர்த்தினார்.

"ஒருத்தரும் இல்லை," என்றார். "சும்மா."

"அதுதானே," என்று இராசநாயகம் மிதித்துக்கொண்டு போனார்.

கதிரைக் கையிலிருந்த பாரம் இறங்கியது. பலகை மெல்ல நிமிர்ந்தது. அவர் திரும்பியபோது பக்கத்தில் யாரும் இல்லை. நிலத்தில் அவள் குந்தியிருந்த இடத்தில் சீமெந்து ஈரமாக இருந்தது.

உள்ளே ஏதோ நின்றுபோயிருந்தது. என்னவென்று அவருக்கு உடனே பிடிபடவில்லை. கிற்றார் சுருதி கூட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. குசினியில் சட்டி உருண்டது. கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. எல்லாச் சத்தங்களும் இருந்தன. ஆனால் ஒரு சத்தமும் இன்னொன்றோடு சேரவில்லை. செத்தவீட்டில், பிரேதம் போன பிறகு, வீட்டைக் கழுவி விட்டுவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கத் தொடங்கும்போது வருமே, அந்தச் சத்தம்.

அவர் எழுந்தார். விளக்கு வைக்கிற நேரம். மின்சாரம் மங்கி மங்கி எரிந்தது. நடைக்குள் மஞ்சள் மணம் மூச்சை அடைத்தது. கதவிடுக்கில் திணித்திருந்த பழஞ்சேலையைக் காலால் தள்ளிக் கதவைத் திறந்தார்.

சூசைதாசன் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். தாடி வளர்ந்திருந்தது. காலையில் அந்தத் தாடி இல்லை. சட்டைக் கையில் கறுப்புத் துணி ஒன்று குத்தியிருந்தான். சிமியோன் மேளத்தை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். அருமைநாயகி நிலத்தில், சுவரோடு சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்தபடி இருந்தாள்.

"வாங்கோ மாமா," என்றான் சூசைதாசன். அவனுடைய குரலில் பகை இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "முடிச்சிட்டம். பாட்டில்லாமல் வெறும் இசையாப் போட்டிட்டம். அவள் இருந்திருந்தால் பாடியிருப்பாள்."

"எவள்?"

"உங்கடை வாயிலை அவளின்ரை பேர் வராது எண்டு தெரியும் மாமா. பரவாயில்லை. அவள் செத்து ரெண்டு வருஷமாச்சு." அவன் தந்தி ஒன்றைத் தடவினான். "அவளின்ரை குரல் ஒரு ரேப்பிலையும் எங்களிட்டை இல்லை. எப்பிடிப் பாடுவாள் எண்டதே எனக்கு மறந்துகொண்டு வருது."

மைக் அவனுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றது.

அதன் முன்னால் குணலட்சுமி நின்றாள்.

பாடிக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு, நசிந்த விரல்களால் மைக்கின் தண்டைப் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டி, அந்தத் துள்ளல் பாட்டை. அவளுடைய குரல் அறையை நிறைத்தது. சாக்குகள் அதிர்ந்தன. சிமியோன் எழுந்து வந்து மைக்கைக் கழற்றினான். வயரைச் சுற்றினான். அவனுடைய கை அவளுடைய இடுப்புக்குள்ளால் போய் மற்றப் பக்கம் வந்தது. அவன் தடங்கவில்லை. அவளும் நிறுத்தவில்லை.

ஒருவரும் கேட்கவில்லை.

அருளம்பலத்தின் முதுகு வளைந்தது. மானம், ஊர், இராசநாயகம், எல்லாம் ஒரு கணத்தில் உதிர்ந்தன. வாய் தானாகத் திறந்தது.

"குணா," என்றார். "குணலட்சுமி!"

சூசைதாசன் தலையைக் குனிந்துகொண்டான். அருமைநாயகி அழுகையை நிறுத்தி, நிமிர்ந்து, கணவனைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக் கசப்பும் அந்தப் பார்வையில் இருந்தது.

"விளக்கு வைக்கிற நேரத்திலை செத்த பிள்ளையைக் கூப்பிடாதேங்கோ," என்றாள். "உங்கடை கையாலைதானே கொள்ளி வைச்சனீங்கள்? இப்ப ஆரைக் கூப்பிடுறியள்?"

"அங்கை நிக்கிறாளடி. பார். அங்கை."

அருமைநாயகி அவர் காட்டிய இடத்தைப் பார்த்தாள். சிமியோனும் பார்த்தான். சூசைதாசனும். மூன்று பேருடைய கண்களும் அவளை ஊடுருவிப் போய், சாக்குக் கட்டிய சுவரில் நின்றன.

பாட்டு நின்றது.

குணலட்சுமி மெல்லத் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. சின்ன வயதில், படலையில் அவருடைய சைக்கிளைக் கண்டதும் வரும் முகம் அது. அவ்வளவு சந்தோஷம்.

"ஐயா," என்றாள். "கூப்பிட்டனீங்களோ?"

அந்தச் சொல்லோடு அவளுடைய உதட்டிலிருந்து ஏதோ விழுந்தது. சின்னதாக. வெள்ளையாக. சீமெந்தில் சத்தமில்லாமல் உருண்டது. இன்னொன்று. பிறகு ஒரு பிடி.

பச்சையரிசி.

அவள் அதைக் கவனிக்கவில்லை. சிரித்தாள். பற்களுக்கு இடையில் அரிசி. நாக்கில் அரிசி. கன்னங்கள் உப்பி, தொண்டை புடைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மார்பிலும் சேலையிலும் நிலத்திலும் கொட்டிக்கொண்டேயிருந்தது. சூசைதாசன் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு அந்தக் குவியலுக்கு மேலால் நடந்து போனான். அரிசி அவன் காலில் ஒட்டவில்லை. அவள் அவனைப் பார்க்கவில்லை. நெஞ்சளவுக்கு எழும்பிவிட்ட குவியலுக்குள் நின்றுகொண்டு, கண் வெட்டாமல் தகப்பனை மட்டும் பார்த்தாள். அரிசியால் நிறைந்த வாயைப் பெரிதாகத் திறந்தாள்.

"இன்னொருக்காக் கூப்பிடுங்கோ, ஐயா."